மை ஃபேர் லேடி: அப்பாவுக்குப் பணம், மகளுக்குப் பேச்சு

[திரையில்: இரவு, மழை. லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கின் வாசல்.]

ஓபரா முடிந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கிய பெரிய மனிதர்கள் வண்டிக்காகக் காத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே வயலட் பூங்கொத்து விற்கிறாள் எலைஸா டூலிட்டில். தூண் மறைவில் நின்று அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். போலீஸ் ஆள் என்று நினைத்து அலறுகிறாள். ஆனால் அவர் ஹென்றி ஹிக்கின்ஸ், ஒலியியல் பேராசிரியர். நீ லிசன் குரோவில் பிறந்தவள்தானே என்று பேச்சை வைத்தே சொல்லிவிடுகிறார். அது லண்டனில் ஏழைகள் வாழ்ந்த பகுதி.

1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் மேடையேறிய இசை நாடகம் மை ஃபேர் லேடி. வசனமும் பாடலும் ஆலன் ஜே லெர்னர், இசை ஃபிரடெரிக் லோ. அந்த முதல் தயாரிப்பே 2717 காட்சிகள் ஓடியது. மூலம் பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் நாடகம். அது 1913-இல் வியன்னாவிலும் மறு ஆண்டு லண்டனிலும் அரங்கேறியது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பூக்காரியை ஆறு மாதத்தில் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்கிறார் ஹிக்கின்ஸ். நடத்திக் காட்டினால் செலவு முழுக்க என்னுடையது என்கிறார் கர்னல் பிக்கரிங். பிக்கரிங் இந்திய மொழிகளை ஆராய்ந்தவர், ஹிக்கின்ஸைப் பார்க்கவே இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்.

இதைப் பேராசிரியர் சிற்பி, எலைஸா களிமண் என்று பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுநாள் காலை நடப்பதைக் கவனியுங்கள்.

[திரையில்: விம்போல் தெரு, ஹிக்கின்ஸ் வீடு.]

எலைஸாவை யாரும் கூட்டி வரவில்லை. அவளே வருகிறாள். பூக்கடையில் வேலை வேண்டும், அதற்குப் பேச்சு திருந்த வேண்டும், பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். ஹிக்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அவளுடைய வருமானத்தில் ஒரு ஷில்லிங் என்றால், கோடீஸ்வரர் ஒருவர் அறுபது எழுபது பவுண்டு கொடுப்பதற்குச் சமம். இவ்வளவு பெரிய கட்டணம் எனக்கு யாருமே தந்ததில்லை என்கிறார். அவருக்கு இது பந்தயம். அவளுக்குப் பிழைப்பு.

சரி, பாடம் நடக்கிறது. 'ரெயின்' என்பதை 'ரைன்' என்று இழுக்கும் காக்னிப் பேச்சு, அதாவது லண்டன் உழைப்பாளிகளின் கொச்சை. 'ஹ' ஒலி வாயில் வரவே வராது. அதற்காக ஒரு சுடர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். 'ஹ' சரியாக வந்தால் சுடர் ஆட வேண்டும்.

அப்புறம் ஆஸ்கட் குதிரைப் பந்தயம். உச்சரிப்பு சுத்தம். ஆனால் சித்தியைக் கூட இருந்தவர்களே தீர்த்துக்கட்டியிருப்பார்கள், ஜின் அவளுக்குத் தாய்ப்பால் மாதிரி என்று அந்தச் சுத்தமான உச்சரிப்பிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒலி மாறிவிட்டது, பேச வேண்டிய விஷயம் இன்னும் லிசன் குரோவிலேயே இருக்கிறது. அங்கே அவளிடம் மனதைப் பறிகொடுக்கும் ஃப்ரெடி மட்டும் இதுதான் புது நாகரிகம் போல என்று ரசிக்கிறான்.

தூதரக விருந்தில் ஜெயித்துவிடுகிறாள். ஹிக்கின்ஸிடமே படித்த ஹங்கேரியர் கார்பதி அவளோடு நடனமாடிப் பார்த்துவிட்டு, இவள் ஆங்கிலேயப் பெண்ணே இல்லை, ஹங்கேரிய ராஜ வம்சம் என்று அறிவிக்கிறார். காரணம்? இவ்வளவு நல்ல ஆங்கிலம் ஆங்கிலேயர்களுக்கு வராதாம்!

அன்று இரவு வீட்டில் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக் கொள்கிறார்கள். மூலையில் நிற்கும் எலைஸாவுக்கு ஒரு நன்றிகூட இல்லை. இனி நான் என்ன ஆவேன் என்று கேட்கிறாள். யாரையாவது கல்யாணம் செய்துகொள் என்கிறார் ஹிக்கின்ஸ். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் மொத்த நாடகத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம். கோவென்ட் கார்டனில் நான் பூ விற்றேன், என்னை விற்கவில்லை. இப்போது என்னைச் சீமாட்டியாக்கிவிட்டீர்கள். விற்பதற்கு என்னைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

[திரையில்: விடியற்காலை, கோவென்ட் கார்டன் சந்தை.]

வீட்டை விட்டுப் போகிறவள் பழைய சந்தைக்குப் போகிறாள். அங்கே யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. ஏதோ பெரிய வீட்டம்மா என்று மரியாதையாக ஒதுங்குகிறார்கள். அங்கேதான் அவள் அப்பாவைச் சந்திக்கிறாள், கல்யாண உடையில்!

ஆல்ஃபிரட் டூலிட்டில் குப்பை வண்டித் தொழிலாளி, குடிகாரர். மகளை விட்டுக்கொடுக்க ஹிக்கின்ஸிடம் ஐந்து பவுண்டு கேட்டவர். பத்தாகவே தருகிறேன் என்றால், வேண்டாம், பத்து பவுண்டு கையில் இருந்தால் சேர்த்து வைக்கத் தோன்றும், நிம்மதி போய்விடும் என்கிறார். இங்கிலாந்திலேயே அசலான ஒழுக்கவாதி இவர்தான் என்று ஹிக்கின்ஸ் ஓர் அமெரிக்கப் பணக்காரருக்கு விளையாட்டாக எழுதிப் போட, அந்த மனிதர் உயிலில் டூலிட்டிலுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை வரும்படி செய்துவிட்டுப் போய்விடுகிறார். பணம் வந்ததும் கௌரவமும் வந்து கழுத்தில் உட்கார்கிறது. இத்தனை நாள் கூட வாழ்ந்தவளை முறைப்படி மணந்தாக வேண்டும். பேசாமல் இருந்த இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் இப்போது ஐம்பது பேராகிவிட்டார்கள் என்று மூல நாடகத்தில் புலம்புகிறார்.

இந்தச் சந்திப்பைக் கல்யாணப் பாட்டுக்கு முன்னால் வரும் சிரிப்புக் காட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டால் நாடகத்தின் பாதி போய்விடும். மகளுக்குப் பேச்சு வந்தது, காசு வரவில்லை. அப்பாவுக்குக் காசு வந்தது, பேச்சு அப்படியே இருக்கிறது. இருவருக்குமே பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. இதே கணக்கை ஃப்ரெடிக்கும் போடலாம். ஷாவின் நாடகத்தில் அவன் பிறப்பிலேயே நல்ல உச்சரிப்போடு வந்தவன், சம்பாதிக்கத் தெரியாதவன்.

ஹிக்கின்ஸுக்கு இரண்டும் உண்டு. அதனால்தான் அவர் மரியாதை இல்லாமல் பேசலாம், யார் வீட்டிலும் எப்படியும் உட்காரலாம். எனக்கு எல்லாரும் ஒன்றுதான், சீமாட்டியையும் பூக்காரியைப் போலத்தான் நடத்துவேன் என்று பெருமைப்படுகிறார். பிக்கரிங் அதையே திருப்பிப் போட்டவர். முதல் நாளே 'மிஸ் டூலிட்டில்' என்று கூப்பிட்டாரே, என் படிப்பு அங்கேதான் தொடங்கியது என்கிறாள் எலைஸா.

1964-இல் படமும் வந்தது. ஒரு குரலைப் பற்றிய கதையில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலான பாட்டுகளை மார்னி நிக்சன் பின்னணி பாடினார் என்பது தனி வேடிக்கை!

முடிவுக்கு வருவோம். இசை நாடகத்தில் எலைஸா திரும்பி வருகிறாள், ஹிக்கின்ஸ் செருப்பு எங்கே என்று கேட்கிறார், திரை விழுகிறது. ஷா உயிரோடு இருந்திருந்தால் கொதித்திருப்பார். 1916-இல் நாடகத்தோடு அச்சான பின்னுரையில் அவளுக்கு ஃப்ரெடியைக் கட்டிவைத்து, பிக்கரிங் பணத்தில் ஒரு பூக்கடையும் வைத்துக் கொடுத்தவர் அவர். கணக்கு எழுத இருவருக்கும் தெரியாது, வகுப்புக்குப் போகிறார்கள். கையெழுத்துக்கு எலைஸா மறுபடி ஹிக்கின்ஸிடமே வர வேண்டியிருக்கிறது. காய்கறியும் சேர்த்து விற்கிறார்கள். கடை நிமிர்ந்து நிற்கும்வரை கடன் கர்னல் தலையில்.

அப்பா? நடுத்தர வர்க்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விட்டார். பிரபுக்கள் வீட்டு விருந்தில், அதே குப்பை வண்டிப் பேச்சோடு, சீமாட்டிக்கு வலப்பக்கத்து நாற்காலி அவருக்கு. மகளுக்கு உதவச் சொன்னால் மட்டும், என் பாரமே எனக்குப் போதும் என்று கையை விரித்துவிடுகிறார்.