இடையன்குடியில் கால்டுவெல்லுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் இருந்தார்களா? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருநெல்வேலிச் சீமையின் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. "இடையன்குடிக் கோவில் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்கிறார்கள். எங்கள் தாத்தாவோ, அதற்கு ரொம்ப முன்பே நம் குடும்பம் வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்துவிட்டது என்பார். யார் சொல்வது சரி?"

இரண்டும் சரிதான் ஐயா. 1880 என்பது கட்டடத்தின் வயது. அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் போட்டதே 1847-இல். முடிக்க 33 வருடம் ஆகியிருக்கிறது. பஞ்சம், பணமுடை எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்தக் கல் சுவர் எழும்பியது. கால்டுவெல் ஐயர் (ஐயர் என்றால் இங்கே பாதிரியார்) இடையன்குடிக்கு வந்து சேர்ந்தது 1841 கடைசியில். சென்னையிலிருந்து நீலகிரி வழியாக, பெரும்பாலும் நடந்தே வந்தார். அவர் வந்தபோது அங்கே ஒரு சிறிய சபை ஏற்கெனவே இருந்தது. ஊரை நேர் தெருக்களாகத் திருத்தியதும், பெரிய கோவில் கட்டியதும் அவர்தான்; சபையைத் தொடங்கியவர் அவர் அல்ல.

அப்படியானால் தொடங்கியது யார்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கத்தோலிக்கர் கதை கடற்கரையில் இதற்கெல்லாம் ரொம்ப முன்பே தொடங்கிவிட்டது. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். நான் இங்கே சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையை மட்டும் சொல்கிறேன். திருநெல்வேலியில் அதன் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: கிளாரிந்தா. மராத்திய பிராமண விதவை. பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். அதனால் தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். இரண்டே வருடத்தில், 1780-இல், பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர்! 1785-இல் பிரதிஷ்டையான சிறிய கோவிலும் அந்த அம்மாள் முயற்சிதான். 'பாப்பாத்தியம்மாள் கோவில்' என்று ஊர் சொல்வது அதைத்தான்.

கோட்டைக்குள் இருந்த அந்த நெருப்பைத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உபதேசிமார், அதாவது வேதம் போதித்த உள்ளூர் ஊழியர்கள். 1790-இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் முக்கியமானவர். அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் அருகே காலங்குடிக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கிறிஸ்தவராகி, உபதேசியாராகச் சொந்தச் சீமைக்கே திரும்பினார். வெள்ளைக்கார ஐயர் சொன்னால் கேட்காத பனையேறிக் குடும்பங்கள் சொந்தக்காரன் சொன்னபோது கேட்டன. என் கணிப்பில் தெற்கத்திச் சபைகளின் உண்மையான அஸ்திவாரம் இந்த உறவுமுறைதான். 

கேட்டவர்களுக்கு அடி விழுந்தது. அன்றைய ஜெபக்கூடம் என்றால் மண் சுவரும், பனங்கை வைத்து ஓலை வேய்ந்த கூரையும்தான். ஒரு தீக்குச்சி தேவையில்லை, அடுப்புக் கொள்ளி போதும். கொளுத்துவார்கள், மறுபடி ஓலை வெட்டி வேய்வார்கள். தொல்லை தாங்காத குடும்பங்களுக்காக நிலம் வாங்கி, 1799-இல் முதலூரைக் குடியேற்றினார்கள். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே வருடம். பாளையக்காரர் சண்டைகள் 1801-இல் ஓய்ந்தன. அடுத்த வருடமே மிஷனரி கெரிக்கே ஐயர் இந்தப் பக்கம் சுற்றி வந்தபோது, ஊர் ஊராகத் திரண்டு வந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். அவரும் சத்தியநாதனும் சேர்ந்து கொடுத்த ஞானஸ்நானங்கள் ஆயிரக்கணக்கில் என்பது பதிவு. உங்கள் தாத்தா சொன்ன காலம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதன்பின் ஒரு வறண்ட காலம். 1803-இல் கெரிக்கே இறந்துபோனார். ஐயர்மார் வரத்து அருகிவிட்டது. காய்ச்சலிலும் பலர் போனார்கள். சில ஊர்கள் பழைய வழிக்கே திரும்பின. 1816-இல் ஹஃப் என்ற பட்டாளத்துப் பாதிரியாரும், 1820-இல் மிஷனரி இரேனியுஸ் ஐயரும் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இடையில் ஞாயிறு தவறாமல் ஜெபம் நடத்தியவர்கள் உபதேசிமார்தான்.

உங்கள் குடும்பத்தின் வருடம் தெரிய வேண்டுமானால், கல்வெட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். சேகரத்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்து) ஐயரிடம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்கென்று தனி ஏடு வருவதற்கு முந்தைய பெயர்கள் முதலூர், நாசரேத் போன்ற பழைய மிஷன் ஊர்களின் ஏட்டில் இருக்கலாம், அங்கேயும் விசாரியுங்கள். ஒரே தேதியில் ஒரே தெருவின் பெயர்கள் வரிசையாக வந்தால், அதுதான் உங்கள் ஊர் கூட்டமாகச் சேர்ந்த நாள். அப்பா பெயர் இருக்கும் பத்தியையும் விடாமல் வாசியுங்கள். சேர்ந்தவருக்குப் புதுப் பெயர் வைத்திருந்தாலும், முத்துவும் சுடலையும் அந்தப் பத்தியில் அப்படியே இருப்பார்கள். உங்கள் தாத்தாவின் தாத்தாவை அங்கே தேடுங்கள்.