ஏழு பிள்ளைகள், ஒரு வண்டி

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த நூலகத்துக்கு இடம் கொடுத்த பெரியவர் குடும்பத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகளிர் குழுத் தோழியரே, எல்லோருக்கும் என் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்துக்காகவே வெளியூரிலிருந்து திரும்பிய தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்று நான் எந்த மேடையிலும் சொல்வது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வந்தேன். கேத்தரின் சேகர் என்ற அமெரிக்கச் சிறுமியின் கதை வழியாகச் சொல்கிறேன். அவள் பயணம், அவள் வாழ்ந்த மண்ணுக்கு உரிய கையூஸ் என்ற பூர்வகுடி மக்களின் கதை, அவள் எழுதிய எழுத்து என்று மூன்று செய்திகள் பேச நினைத்திருக்கிறேன்.

1844-ஆம் ஆண்டு. ஹென்றி சேகர், நவோமி தம்பதியர் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் மிசௌரியிலிருந்து மேற்குக் கரையோர ஓரிகன் நோக்கி மாட்டு வண்டியில் கிளம்புகிறார்கள். ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஜான், பிரான்சிஸ் என்று இரண்டு பையன்கள். கேத்தரின், எலிசபெத், மடில்டா, லூயிசா என்று நான்கு பெண்கள். ஏழாவது பிள்ளையாக இன்னொரு பெண் வழியிலேயே பிறந்தாள். கேத்தரினுக்கு வயது ஒன்பது.

வழியில் லாரமி கோட்டைக்கு அருகே, ஓடும் வண்டியிலிருந்து கேத்தரின் குதித்தாள். பாவாடை கோடரிக் காம்பில் மாட்டிக்கொண்டது. சக்கரம் காலில் ஏறிவிட்டது. அப்பாவே எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். அதற்கப்புறம் அவளுக்கு வண்டிக்குள்ளேயே படுக்கை. சில வாரங்களில் அந்த அப்பா காய்ச்சலில் விழுந்தார். தம் குடும்பத்தைக் கரைசேர்க்கும்படி வண்டிக் கூட்டத் தலைவர் வில்லியம் ஷாவிடம் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார். கிரீன் நதிக்கரையில் புதைத்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் தாயும் போனார். நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதே என்று இறந்த கணவரை அழைத்துப் புலம்பியபடியே அந்த அம்மா உயிர்விட்டார்.

தாய்மார்களே, இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டது. ஏழு பிள்ளைகள் நடுக்காட்டில். அந்தக் கூட்டத்தில் யாரிடமும் மிச்சச் சோறு கிடையாது. ஒவ்வொரு வண்டியிலும் மாவு குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் பிள்ளைகளை யாரும் விட்டுவிடவில்லை. கைக்குழந்தைக்கு வழியில் வந்த தாய்மார்கள் மாறி மாறிப் பால் கொடுத்தார்கள். ஆங்கிலம் சரியாக வராத ஒரு ஜெர்மானிய வைத்தியர் இவர்கள் மாடுகளை ஓட்டினார். ஷாவும் அவர் மனைவியும் தங்களிடம் இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அக்டோபரில், வண்டியை வெட்டி இரட்டைச் சக்கரமாக்கி, வாலா வாலாவுக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்த மார்கஸ் விட்மன் என்ற மருத்துவரின் மிஷன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜான் வண்டியில் உட்கார்ந்து அழுகிறான். பிரான்சிஸ் சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்து விம்முகிறான். சின்னப் பெண்கள் செருப்பில்லாமல், தலையில் துணியில்லாமல், அண்ணன்களையும் அந்த வீட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். வீட்டு அம்மா நார்சிசா வெளியே வந்ததும் பயந்துபோய் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம்! அந்த நார்சிசா, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம் ஒரே மகளை ஆற்றில் பறிகொடுத்தவர். அவளுக்கு இரண்டு வயதுதான். அப்படிப்பட்டவர் இந்தப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார். நலிந்துபோய்ச் சில நாள் கழித்து வந்து சேர்ந்த கைக்குழந்தை உட்பட, ஏழு பேரையும். ஒருவரைக்கூடப் பிரிக்கவில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான். தங்கை உடையவளும் அஞ்ச மாட்டாள் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

மூன்று ஆண்டுகள் அவர்களுக்கு வீடு இருந்தது. 1847-இல் தட்டம்மை பரவியது. அங்கிருந்த கையூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளையர் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள், கையூஸ் பிள்ளைகள் பிழைக்கவில்லை. வைத்தியர் நஞ்சு வைக்கிறார் என்ற சந்தேகம் எழுந்தது. நிலத்தைத் தேடி ஆண்டுக்கு ஆண்டு வந்து குவிந்த வண்டிகளும் அவர்கள் கண்முன் இருந்தன. நவம்பர் 29 அன்று கையூஸ் வீரர்கள் சிலர் மிஷனைத் தாக்கினார்கள். விட்மன் தம்பதியரும் ஜானும் பிரான்சிஸும் கொல்லப்பட்டவர்களில் அடக்கம். அன்றிரவு பன்னிரண்டு வயது கேத்தரின், அம்மை கண்ட சிறுமிகளோடு இருட்டில் கிடந்தாள். தண்ணீர் கேட்டு அழுத பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு துளி இல்லை. சில நாளில் லூயிசாவும் இறந்தாள். கையூஸ் பக்கத்திலும் எத்தனை பிள்ளைகள் தாயில்லாமல் நின்றார்கள்! அந்தத் தாக்குதலுக்காக 1850-இல் கையூஸ் ஆண்கள் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அதைத் தனியாகவே ஒரு மாலை பேச வேண்டும்.

தாக்குதலில் உயிர் தப்பியவர்களைக் கையூஸ் மக்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு மாதச் சிறைக்குப் பின், ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் பீட்டர் ஆக்டன் 62 கம்பளிகளும் 63 சட்டைகளும் துப்பாக்கிகளும் புகையிலையும் கொடுத்து எல்லோரையும் மீட்டார். சரி, இனி நல்ல காலம் என்று நினைப்பீர்கள். மிஞ்சிய நான்கு சகோதரிகளையும் வெவ்வேறு வீடுகளில் விட்டார்கள்! பாலைவனமும் கொள்ளைநோயும் பிரிக்காத பிள்ளைகளை நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு பிரித்தார்கள். என் மனம் ஆறாத இடம் இதுதான். ஆளுக்கொரு வீட்டில் சோறு கிடைத்திருக்கும், படுக்கை கிடைத்திருக்கும். அக்காவுக்குப் பக்கத்தில் படுக்கிற நிம்மதியை யார் கொடுப்பது?

கேத்தரின் வளர்ந்து, மணம் செய்து, எட்டுப் பிள்ளைகளைப் பெற்றாள். 1860 வாக்கில் தன் கதையை உட்கார்ந்து எழுதினாள். அதில் வரும் பணத்தில் நார்சிசா நினைவாக ஓர் அநாதை இல்லம் கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை, இல்லமும் எழவில்லை. 1897-இல், ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளுக்கு, உயிரோடிருந்த மூன்று சகோதரிகள் அதே மண்ணில் கூடினார்கள். 1910-இல் கேத்தரின் காலமானார். இல்லம் கட்ட நினைத்த அந்த அம்மாவின் வேலையை நாம் பாதியாவது செய்யலாம் என்றுதான் இதையெல்லாம் சொன்னேன்.

நம் ஊரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உறவினர்கள் கூடி முடிவெடுக்கும்போது, 'பையனை நான் வைத்துக்கொள்கிறேன், பெண்ணை நீ அழைத்துப் போ' என்கிறார்கள். இல்லங்களில் அண்ணன் ஒரு கட்டடம், தங்கை வேறு ஊர். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பழமொழி சொல்லி வளர்த்துவிட்டு, தம்பியை வேறு ஊருக்கு அனுப்பினால் எப்படி? பிரிக்காமல் வைக்க வழியில்லை என்று சொல்பவர்கள், வாரம் ஒருமுறையாவது அவர்களைச் சந்திக்க வைக்கட்டும். பிறந்தநாளும் பொங்கலும் ஒன்றாகக் கழியட்டும். பேருந்துக் கட்டணத்தை நாம் தருவோம்.

வாசலில் நூலகர் அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. உடன்பிறந்த பிள்ளைகளைச் சந்திக்க அழைத்துப் போக மாதம் ஒரு ஞாயிறு தரக்கூடியவர்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் அதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.