சாப்பிட உட்கார்ந்தால் வீங்கும் தாடை

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்யுங்கள். மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். காதுக்கு முன்னால் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. தாடைக்கு அடியில் இன்னொரு ஜோடி, நாக்குக்கு அடியில் இன்னொரு ஜோடி. நாள் ஒன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் ஊறுகிறது. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சோற்றில் கை வைத்ததும் தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவு புடைக்கும். ஒரு மணி நேரத்தில் வற்றிவிடும். சாப்பாடுதான் ஆகவில்லை என்று நினைத்து, பாதி வயிற்றோடு எழுந்துவிடுவாராம். தண்ணீரும் அவ்வளவாகக் குடிப்பதில்லை. வெளியே மஞ்சள் பற்று கனமாகப் போட்டிருந்தார். விரல் விட்டுத் தடவினேன். நாக்குக்கு அடியில் குருணை போல ஒரு கல் நெருடியது. எச்சில் ஊறுகிறது, வழி அடைத்திருக்கிறது, அதனால் வீங்குகிறது. காய்ச்சலோ சீழோ இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டு, தாடையடியைப் பின்னாலிருந்து முன்னால் நீவச் சொன்னேன். நான்காம் நாள் கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்! சின்னக் கல் என்பதால் வந்தது. பெரிய கல்லுக்கு அறுவை மருத்துவர்தான். ஆனால் வழி திறக்காமல் மேலே எத்தனை பற்றுப் போட்டாலும் கல் நகராது.

அந்தப் பெரியவருக்குக் கடுக்காயும் கொடுத்தேன். கடுக்காய் என்றால் எனக்குப் பேச்சு நிற்காது. நம் சேர்வராயன் மலையிலேயே விளைகிற மரம். உப்பைத் தவிர ஐந்து சுவையும் அதில் உண்டு என்கிறது ஆயுர்வேதம். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னதை மறக்க வேண்டாம். நெல்லி, தான்றியோடு சேர்த்தால் திரிபலா. அந்தக் கஷாயத்தை ஆறவைத்து வாய் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிப்பதிலும் இரண்டு வகை: வாய் நிறைய வைத்து அசைக்காமல் இருந்தால் கண்டூஷம், கொஞ்சமாக வைத்து அலசினால் கவளம். வாய் சுத்தமாகும், எச்சிலும் ஊறும். மறுபடியும் சொல்கிறேன், எச்சில் ஓட வேண்டும்.

காய்ச்சலில் படுத்த முதியவர்களை இங்கே நினைக்கிறேன். வாதம், பித்தம், கபம் மூன்றும் சேர்ந்து கெடுவதால் வருகிற கடும் சன்னிபாத ஜுரத்தின் முடிவில் காதடியில் வீக்கம் வந்தால் பிழைப்பவர் சிலரே என்று பழைய ஆயுர்வேத ஆசான் சரகர் எழுதியிருக்கிறார். தண்ணீர் இறங்காமல் வாய் வறண்டு கிடந்தால் கிருமி குழாய் வழியே ஏறிவிடுகிறது. அது இன்றும் நடக்கிறது. அந்த வீக்கத்துக்குக் கஷாயம் போதாது, ஆன்டிபயாடிக் தேவை. வீட்டில் படுத்திருப்பவரின் வாயை ஈரமாக வைத்திருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பொன்னுக்கு வீங்கியைப் பற்றி ஒரு வரி. அது வைரஸால் வருவது. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதால் அது போகாது. அதில் புளிப்பு வலியைக் கூட்டும். கஞ்சி கொடுங்கள், ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். பையனுக்கு விதை வீங்கினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, காது மந்தமானாலோ உடனே மருத்துவமனை. வலியே இல்லாமல் வாரக்கணக்கில் கட்டி நின்றாலும் காட்டிவிடுங்கள். வணக்கம்.