மாநிறத்துக்கு ஒரு லைட் போதும்

எல்லாருக்கும் வணக்கம். கேமரா வச்சிருக்கவங்களும் இருக்கீங்க, போன்லயே எடுக்கறவங்களும் இருக்கீங்க, நான் பேசப்போறது எல்லாருக்கும் பொருந்தும். பிளாக் அண்ட் வொயிட்ல ஒரு முகத்தை எடுக்கறப்போ வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைக்கறோம், எந்தப் பக்கம் வைக்காம விடறோம், அதுக்குத் தகுந்த மாதிரி படத்தோட மூட் எப்படி மாறுது, அதுவும் நம்மள மாதிரி மாநிறம், கருப்புன்னு இருக்கற முகங்களுக்கு எப்படி மாறுதுன்றதுதான் இன்னைக்கு விஷயம்.

நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல ரொம்ப காலமா ஒரு பழக்கம் இருக்கு. ரெண்டு பக்கமும் குடை லைட்டு, எங்கயும் நிழலே விழாம அடிச்சுட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து முகத்தை ரெண்டு ஷேடு வெளுப்பாக்கி குடுத்துடுவாங்க. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் இருக்குங்க. கருப்புத் தோல்ல பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து, கன்னத்து எலும்பு மேல ஓடி, தாடை ஓரமா இறங்கறது இருக்கே, அந்த அழகுக்கு ஈடே கிடையாது, அதைத்தான் முதல்ல அழிச்சுடறாங்க.

ஏன் அப்படின்னா, வெளுத்த தோல் உள்ள போற வெளிச்சத்தை நிறைய சிதறடிச்சு வெளிய விடும். கருப்புத் தோல்ல அந்தச் சிதறல் கம்மி, ஆனா தோலோட மேல்பரப்புல பட்டுத் திரும்பற பளபளப்பு அப்படியேதான் இருக்கும், சுத்தி இருட்டா இருக்கறதால இன்னும் எடுப்பா தெரியும். முகத்தோட வடிவத்தை அந்தப் பளபளப்புதான் காட்டுது. சின்ன ஃபிளாஷை நேரா அடிச்சா அது நெத்திலயும் மூக்குலயும் எண்ணெய் வழியற மாதிரி பொட்டுப் பொட்டா வரும், பெரிய ஜன்னல் பக்கத்துல உட்கார வச்சா அதே பளபளப்பு நீளமா, மெதுவா பரவி வரும். அதனாலதான் சொல்றேன், லைட்டைக் கூட்டாதீங்க, பெருசாக்குங்க, பக்கவாட்டுல கொண்டுவாங்க.

வீட்டுல ஒரு ஜன்னலைத் தவிர எல்லாத்தையும் சாத்திட்டு ஒருத்தரை உட்கார வைங்க. முகத்தை ஜன்னல்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திருப்பச் சொல்லுங்க. ஒரு இடத்துல, நிழல் பக்கத்துக் கன்னத்துல கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன முக்கோணமா வெளிச்சம் நிக்கும், அதுதான் ரெம்பிராண்ட் லைட்டிங், அந்த ஓவியரோட பேர்லயே சொல்றாங்க. இன்னும் லேசா திருப்பினா முக்கோணம் போயிடும், பாதி முகம் இருட்டாயிடும், அதுவரைக்கும் சாந்தமா இருந்த ஆள் சட்டுனு இறுக்கமா தெரிவார். அவர் முகத்துல ஒண்ணுமே மாத்தல, கவனிங்க. இப்ப நிழல் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை பிடிங்க, இருட்டு இளகும். அதை எடுத்துட்டு கருப்புத் துணி பிடிங்க. நம்ம வீட்டு சுவரெல்லாம் வெள்ளையோ இளமஞ்சளோ அடிச்சிருக்கும், அதுல பட்டு வர்ற வெளிச்சத்தைத் துணி தின்னுடும், நிழல் ஆழமாயிடும். லைட்டைக் குறைக்கறதும் லைட்டிங்தான்னு அப்பதான் புரியும்.

அடுத்து எக்ஸ்போஷர், அதாவது கேமரா எவ்வளவு வெளிச்சத்தை உள்ள எடுத்துக்குதுன்றது, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. கேமராவுக்கு எதிர்ல இருக்கறது யாருன்னு தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். கருப்பு முகத்தை ஃபிரேம் முழுக்க வச்சா வெளிச்சத்தை ஏத்தி சாம்பலாக்கிடும், பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தா இறக்கி முகத்தையே காணாம பண்ணிடும். போன்ல முகத்தைத் தொட்டுட்டு, பக்கத்துல வர்ற சூரியக் குறியை கீழ இழுங்க, கன்னத்துப் பளபளப்புல தோலோட ரேகை தெரியற வரைக்கும் இழுங்க.

கனடா போட்டோகிராஃபர் யூசுஃப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலை எடுத்த படம் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 1941 டிசம்பர் 30, கனடாவோட ஒட்டாவா நாடாளுமன்றம். எடுக்கறதுக்கு முன்னாடி சர்ச்சில் வாயில இருந்த சுருட்டை கார்ஷ் பிடுங்கின கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா கார்ஷ் முந்தின நாள் ராத்திரியே போய் லைட்டெல்லாம் செட் பண்ணி வச்சுட்டார், அதை யாரும் சொல்றதில்ல. பாஸ்டன்ல ஜான் காரோன்ற போட்டோகிராஃபர்கிட்ட பகல் வெளிச்சத்துல வேலை கத்துக்கிட்டு, ஒட்டாவால ஒரு நாடகக் குழுவோட மேடை லைட்டைப் பார்த்துத்தான் அவர் லைட் வைக்கற விதம் மாறிச்சு. கைகளுக்குன்னே தனியா லைட் வைப்பார் மனுஷன்.

எனக்கு இன்னும் பிடிச்சது ஜூலியா மார்கரெட் கேமரன்ற போட்டோகிராஃபர். 1815ல கல்கத்தாவுல பிறந்தவங்க, 48 வயசுல கையில கேமரா வந்துச்சு, இங்கிலாந்துல கோழிக் கூண்டைக் கண்ணாடி வீடாக்கி அதுல எடுத்தாங்க. 1867ல விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை எடுக்கறப்போ தலையைக் கழுவி முடியைக் கலைச்சு விட்டு, கருப்புத் துணியைப் போர்த்தி எடுத்தாங்க, இருட்டுல இருந்து வெள்ளை முடியும் கண்ணும் மட்டும் மேல வரும். டார்க்ரூம்ல நாம ஊத்தற ஹைப்போன்ற ரசாயனம் படத்தை அழியாம நிக்க வைக்கும்னு சொன்னதே அந்த ஹெர்ஷல்தான். கடைசில கேமரன் 1875ல சிலோனுக்குப் போய் 1879ல அங்கயே இறந்தாங்க, உள்ளூர் ஜனங்களையும் தோட்டத் தொழிலாளிகளையும் எடுத்திருக்காங்க. ஃபிலிமுக்குப் பதிலா அவங்க போட்ட கண்ணாடி பிளேட்டு நீல வெளிச்சத்தை மட்டும்தான் நல்லா பார்க்கும், சிவப்பு அதுக்குத் தெரியாது, அதனால பழுப்புத் தோல் நேர்ல இருக்கறதைவிட கருப்பாத்தான் விழுந்திருக்கும்.

இதே விஷயம் இன்னைக்கு உங்க போன்லயும் இருக்கு. கலர்ல எடுத்து பிளாக் அண்ட் வொயிட்டா மாத்தும்போது ஆரஞ்சு, சிவப்பு ஸ்லைடரை ஏத்தினா தோல் வெளுக்கும், சுருக்கம் மறையும், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. இறக்கிப் பாருங்க. அம்மச்சி முகத்து ரேகை, அப்பா கழுத்துல வெயில் பட்ட கோடு எல்லாம் வரும். ரொம்ப இறக்கினா அழுக்கு மாதிரி ஆயிடும், அதையும் சொல்லிடறேன், எங்க நிறுத்தணும்னு ஆளுக்கு ஆள் மாறும்.

பேசினது போதும். அந்தப் பக்கம் டியூப்லைட்டை யாராவது ஆஃப் பண்ணுங்க, ஜன்னல் பக்கத்து ஸ்டூல்ல ஒருத்தர் வந்து உட்காருங்க, மேக்கப் இல்லாதவங்களா இருந்தா இன்னும் நல்லது, மத்தவங்க கேமராவை எடுத்துக்கங்க.