கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரை எப்படி அளப்பது?

ஆய்வு செய்யும் நண்பர்களே, மருந்துக்கடையில் வேலை செய்பவரிடம் போய் ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்று கேட்டால் "இல்லாம?" என்றுதான் பதில் வரும். அதற்கு ஆய்வு எதற்கு? எது அழுத்துகிறது, அது ஆளை என்ன செய்கிறது, இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

மருத்துவத் துறையினரின் வேலை அழுத்தத்தை அளக்க வுல்ஃப்கேங் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட கேள்வித்தாள் உங்களில் பலருக்குத் தெரியும். 30 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 120. நல்ல கருவிதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம், எல்லாவற்றையும் கூட்டி, சராசரி எடுத்து, "மிதமான அழுத்தம்" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். ஒருவருக்குச் சம்பளம் பிரச்சினை, இன்னொருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். இருவருக்கும் 60 என்றால் இருவருக்கும் ஒரே வைத்தியமா?

மாலை ஏழு மணிக் கவுண்டரைப் பாருங்கள். ஒருவர் ஸ்ட்ரிப்பில் நான்கு மாத்திரை மட்டும் வெட்டிக் கேட்கிறார், ஒருவர் "பணம் வந்துச்சா" என்று போனை நீட்டுகிறார், நடுவில் ஷெட்யூல் எச்1 (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் அரசுப் பட்டியல்) மருந்துக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், அதையும் 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதில் எந்த வேகத்தை அவர் முடிவு செய்கிறார்? எதையுமில்லை. பளு கூடி, பிடி கையில் இல்லாத வேலைதான் ஆளை நொறுக்கும் என்று 1979-லேயே கராசெக் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார்.

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்கிறேன். 2005-இல் அங்கே மருந்தாளுநர் நோயாளியோடு உட்கார்ந்து அவர் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிப் பேசினால் அரசு பணம் தரும் என்று ஒரு சேவை வந்தது, பின்னர் கடைக்கு வருடம் 400 முறை என்பது உச்சவரம்பாக இருந்தது. சில சங்கிலிக் கடைகளில் அந்த உச்சவரம்பே டார்கெட் ஆகிவிட்டது! எத்தனை மணி நேர வேலை என்று மட்டும் கேட்கும் படிவத்தில் இந்த நெருக்கடி எங்கே தெரியும்?

அப்புறம், தாங்க முடியாமல் வேலையை விட்டவர் நம் பட்டியலிலேயே இல்லை. மிச்சமிருப்பவர்களை வைத்துத்தான் சராசரி போடுகிறோம்.

அதனால் அடுத்த முறை படிவம் கொடுக்கும்போது தூக்கம், எரிச்சல், களைப்பு பற்றிய கேள்விகளைத் தனியாக வையுங்கள். அன்றைக்கு வந்த மருந்துச் சீட்டு எத்தனை, கவுண்டரில் ஆள் எத்தனை என்பதும் கூடவே இருக்கட்டும். தயவுசெய்து கடைப் பெயரைக் கேட்காதீர்கள். முதலாளி பார்ப்பார் என்று தெரிந்தால் எல்லோரும் 0 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.