கத்திரி வெயிலில் பனிச்சறுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் மே மாதம், கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பாவின் செல்போனில் பனிச்சறுக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "டீச்சர், இதை நம்ம மதுரையில விளையாடணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டான். நான் முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி.

"கொடைக்கானலுக்குப் போடா" என்றார் அவன் தாத்தா. அங்கேயும் பனி பெய்யாது. மார்கழி, தையில் புல்வெளியில் உறைபனி படியும், விடிந்து வெயில் ஏறினால் போய்விடும். நமக்குப் பனி என்றால் தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிற அந்தப் பனிதான். வானத்திலிருந்து ஐஸாகவே விழுவது ஆலங்கட்டி ஒன்றுதான். அதுவும் கோடை மழையோடுதான் வரும், பொறுக்கி உள்ளங்கையில் வைப்பதற்குள் கரைந்துவிடும்.

அன்று மாலையே ஒரு குழு போட்டோம். நான், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், துபாயிலிருந்து திரும்பிய ஒரு மாப்பிள்ளை, தெருமுனை சர்பத் கடைக்காரர், அப்புறம் எதிர்வீட்டு மதினி. மதினி குழுவில் சேர்ந்தது எங்களைக் கேலி செய்யத்தான். பின்னால் நடந்தது வேறு.

முதலில், பனியையே தயாரித்துவிடலாமா என்று யோசித்தோம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள் இல்லையா, பனி எந்திரம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அழுத்தக் காற்றோடு தண்ணீரை மிகப் பொடித் துளிகளாகத் தெளிக்கும். துளி தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிட வேண்டும். அதற்கு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி காட்ட வேண்டும். மதுரையில் மே மாதம் அது 20க்குக் கீழே வருவதே அபூர்வம். மண்பானைத் தண்ணீரும் ஈரம் ஆவியாகித்தான் குளிர்கிறது, அந்த வெப்பமானி காட்டுவதற்குக் கீழே போகாது. எவ்வளவுதான் குளிர்ந்தாலும் அது ஐஸாகாமல் இருப்பது இதனால்தான்.

சரி, கூரை போட்டு ஏசி வைத்தால்? துபாய் மாப்பிள்ளை இதைத்தான் பிடித்துக்கொண்டார். 2005இல் அங்கே ஒரு வணிக வளாகத்துக்குள் 400 மீட்டர் நீளச் சறுக்குப் பாதையோடு பனிமலை கட்டிவிட்டார்கள். வெளியே பாலைவனம், உள்ளே மைனஸில் குளிர். இவரும் போய் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டு முறை விழுந்து வந்திருக்கிறார். வங்கிக்காரர் மின்கட்டணக் கணக்கைக் கையில் எடுத்ததும் பேச்சு நின்றது. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த டன் பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸை ஒரு நாளில் உருகவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அந்த வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் என்று பொருள். அதுவும் அமெரிக்க டன், 907 கிலோ. ஐஸ் விற்ற காலத்துக் கணக்கு இன்றைக்கும் நம் படுக்கையறைச் சுவரில் தொங்குகிறது.

அப்புறம் பொய்ப்பனி. 1927இல் வியன்னாவில் ஒரு பழைய ரயில் நிலையத்துக்குள் மரத்தாலான சரிவு கட்டி, சோடா உப்புக் கலவையைப் பனியாகக் கொட்டிச் சறுக்கினார்கள். அதைக் கேட்டதும் மதினி, "சலவைச் சோடாவிலயா? துணியும் வெளுத்திருக்குமே" என்றார். கோபன்ஹேகனில் குப்பை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையையே மலைபோல் சாய்த்து, பச்சை நிறப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, 2019 முதல் அதன்மேல் பனிச்சறுக்கு நடக்கிறது. ஜெர்மனியில் ஹிர்ஷாவ் என்ற ஊரில், பீங்கான் மண் தோண்டிய மிச்சமாக நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு மணல்மேடு. அதிலும் சறுக்குகிறார்கள். மணல் என்றதும் எல்லார் பார்வையும் வைகைப் பக்கம் திரும்பியது. பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. இருந்தால்தானே பேசுவதற்கு.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனபோதுதான் ஒன்று தெளிவானது. பனி இருப்பவர்களே பனியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக 1998 முதல் 2018 வரை ஆறு முறை ல்யூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் இறங்கிய சிவ கேசவன், வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலைத் தார்ச்சாலையில் லாரிகளுக்கு நடுவே படுத்துப் பழகியவர். நாமும் சின்ன வயதில் என்ன செய்தோம்? பனைமட்டையில் ஒருவனை உட்காரவைத்துத் தெரு முழுக்க இழுத்தோம். பாறையில் சறுக்கி டவுசரைக் கிழித்துக்கொண்டு வீட்டில் அடி வாங்கினோம். நமக்கு வேண்டியது சரிவு, வழுக்கல், விழுந்தால் அடிபடாத தரை, இந்த மூன்றும்தான்.

சரிவு, ஊருக்கு வெளியே இருக்கும் கண்மாய்க்கரை. வெளிப்பக்கம் அருகம்புல் மண்டியிருக்கும், கீழே தரிசு நிலம். வழுக்கலுக்கு சர்பத் கடைக்காரர் வழி சொன்னார். "டீச்சர், ஐஸ் பார் மேல உக்காந்து போனா என்ன?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான்கு பார்களை உமிக்குள் புதைத்து, சாக்குச் சுற்றி, தட்டுவண்டியில் கொண்டுபோனோம். உமியும் மரத்தூளும் சாதாரணமில்லை. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பல் 180 டன் ஐஸ் ஏற்றிக்கொண்டு நான்கு மாதம் பயணம் செய்தது. வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது. பிற்பாடு அப்படி வந்த ஐஸை வைக்கக் கட்டியதுதான் சென்னையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்த ஐஸ் ஹவுஸ்.

கரையில் நெருஞ்சியையும் சல்லியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, துபாய் மாப்பிள்ளையை முதலில் உட்காரவைத்தோம். அனுபவஸ்தர் இல்லையா. தள்ளினோம். பார் மட்டும் போய்விட்டது. அவர் புல்லிலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் சிரித்து முடித்துவிட்டுச் செய்த காரியம் என் முப்பது வருஷப் பாடத்துக்குச் சமம். பாரின்மேல் ஈரச்சாக்கை விரித்தார், கல்லுப்பைத் தூவினார், "கொஞ்ச நேரம் தொடாதீங்க" என்றார். பிறகு இழுத்துப் பார்த்தால் சாக்கு வரவில்லை, ஐஸோடு ஒட்டிவிட்டது. உப்பு பட்ட இடத்தில் ஐஸ் கரைகிறது. கரைவதற்கான வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. சாக்கின் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்கிறது. குல்பி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு உப்புப் போடுவதும் இதற்காகத்தான்.

இரண்டாவது முறை மாப்பிள்ளை சர்ரென்று இறங்கினார். அவர் வாயிலிருந்து வந்த சத்தம் தமிழா அரபியா என்று இன்னும் தகராறு. குளிர் நாடுகளில் ஐஸின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை நம்பித்தான் சறுக்குகிறார்கள். நம் வெயிலில் அந்தப் படலத்துக்குப் பஞ்சமே இல்லை. வெயில் ஏற ஏற வேகமும் ஏறியது. எட்டரைக்குள் பார்கள் சோப்புக்கட்டி அளவுக்குத் தேய்ந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

"குடிக்கிற தண்ணிக்கே குடத்தோட அலையுறோம், இதுல விளையாட்டா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நான்கு பாரும் உருகினால் சில குடம் தண்ணீர். அத்தனையும் கரையில் வைத்திருந்த புங்கங்கன்றுகள் பக்கம்தான் ஓடியது. பெரியம்மாவுக்குப் பாதி சமாதானம். மறுவாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மதினி விஷயத்துக்கு வருகிறேன். கர்லிங் என்று ஒரு விளையாட்டு. கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள வட்டமான கிரானைட் கல்லைப் பனித்தரையில் விட்டு, தூரத்தில் உள்ள வட்டத்துக்குள் நிற்கவைக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு 'வீடு' என்று பெயர். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டே ஓடுவார்கள். வீடியோவில் பார்த்ததும் மதினி சொன்னார்: "இது நான் தினமும் செய்யிறது. இதுக்கு மெடல் வேற குடுக்குறாங்களா?"

கல்லுக்கு வெளியே தேடவில்லை. பரணில் கிடந்த திருகையின் மேல்கல்லை இறக்கினோம். வட்டமாக, கைப்பிடியோடு, அச்சு அசல் அதே உருவம். அடிப்பக்கம் கொத்திவிட்டிருப்பதால் வழுக்காது. அதனால் எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தோம். கல்யாண மண்டபத்தின் மொசைக் தரையில் தண்ணீர் ஊற்றி, மறுகோடியில் வட்டமாகக் கோலம் போட்டு, தள்ளினோம். அழகாகப் போனது. ஆனால் பெருக்கினால் நின்றுவிட்டது! பனியில் பெருக்கினால் தரை லேசாகச் சூடாகி, கல் கூடுதல் தூரம் போகும். எங்கள் தரையில் பெருக்கினால் தண்ணீர் விலகி, தாம்பாளம் பிடித்துக்கொள்கிறது. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மதினி விதியை மாற்றிவிட்டார். இங்கே துடைப்பம்தான் பிரேக். கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் ஓடிப்போய் ஒரே வீச்சு, கல் நடுப்புள்ளியில் நிற்கிறது. அவரை இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை. வங்கிக்காரர் மூன்று முறை கேட்டுப் பார்த்தும் தன் துடைப்பத்தை அவர் இரவல் தருவதில்லை.

இந்த வருஷமும் கத்திரி பிறந்த முதல் ஞாயிறு, காலை ஆறு மணி, கண்மாய்க்கரை. வருகிறவர்கள் ஆளுக்கொரு சாக்கும் ஒரு கை கல்லுப்பும் கொண்டுவந்தால் போதும். வேட்டி வேண்டாம், போன வருஷம் ஒருவருடையது பாரோடு ஒட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கிவிட்டது.

வணக்கம்.