அரை நொடித் தாமதமும், யாரும் விரும்பிக் கேட்காத ஒரு வேலையும்

வணக்கம். இன்றைய காணொளியில் புதிய போனும் இல்லை, புதிய ஏஐ மாடலும் இல்லை. அரை நொடியைப் பற்றிப் பேசப் போகிறேன். துல்லியமாகச் சொன்னால், 0.299 நொடியில் முடிந்துகொண்டிருந்த ஒரு லாகின் திடீரென்று 0.807 நொடி எடுத்துக்கொண்டதைப் பற்றி.

எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இப்போது எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?” ரியாக்ட் படிக்கலாமா, பைத்தான் மட்டும் போதுமா, எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடும் என்றால் நிரல் எழுதக் கற்பதே வீண்தானா என்றெல்லாம் கேட்கிறீர்கள். என்னிடம் இருக்கிற பதில் 2024 மார்ச் மாதத்தில் நடந்த அந்த அரை நொடிக் கதைக்குள் இருக்கிறது. அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் செய்தியாகப் படித்திருப்பீர்கள். ஆனால் அதை ஒரு பாதுகாப்புச் செய்தியாகவே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது வேலையைப் பற்றிய செய்தியாகத்தான் பட்டது.

ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர். தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல என்பதை அவரே தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளக்க வேண்டும் என்பதற்காகத் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் தம்முடைய கணினியில், அளவைக் குழப்பும் மற்ற நிரல்களின் சலசலப்பையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் மட்டும் அடங்காமல் சிபியுவைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். இல்லாத பயனர் பெயர்களோடு வெளியிலிருந்து வந்து மோதும் முயற்சிகள் இணையத்தில் இருக்கும் எந்தக் கணினிக்கும் வாடிக்கையானவை. அவற்றை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டிய சர்வர், அதற்கே இவ்வளவு பாடுபடுவானேன் என்பதுதான் அவருக்கு எழுந்த சந்தேகம். தொடக்கத்தில் சொன்ன அந்த அரை நொடித் தாமதமும் இந்த எஸ்எஸ்ஹெச் லாகினில்தான். சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டியிருந்த, அப்போது யாருக்கும் பொருள் விளங்காத ஒரு புகாரும் அவருக்கு நினைவு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தபோது, நூல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் போய் நின்றது.

மார்ச் 29 அன்று அவர் கண்டறிந்ததை வெளியிட்டார். பிப்ரவரி இறுதியில் வந்த 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும் ஒரு பின்கதவு இருந்தது. அந்த எஸ்எஸ்ஹெச் சர்வரான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருளுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடியாக எந்த உறவும் கிடையாது என்பதுதான் இதில் வியப்பு. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசவைப்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ஒரு சிறு ஒட்டு (பேட்ச்) போடுகின்றன. அந்த ஒட்டு சிஸ்டம்டியின் லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, உள்ளே கொண்டுவருகிறது. அந்த லைப்ரரி தன் பங்குக்கு எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. தூரத்து உறவினர் வழியாகத் திருடன் கல்யாண வீட்டுக்குள் வந்த கதை.

தீய நிரலை ஒளித்து வைத்திருந்த இடம் இன்னும் அழகு. சுருக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சிதைந்த கோப்புகளை வேண்டுமென்றே சோதனைக்கு வைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்து படிக்க யாருக்கும் தோன்றாது. அங்கேதான் அது இருந்தது. அதை எழுப்பிவிடும் வரியோ எல்லோரும் நிரலைப் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. அதற்குரிய ரகசியச் சாவியை வைத்திருப்பவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அந்தக் கணினியில் தாம் விரும்பிய கட்டளையை இயக்கலாம். குறைகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். டெபியனின் நிலையான பதிப்பையோ ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸையோ அது இன்னும் எட்டியிருக்கவில்லை. சோதனைப் பதிப்புகளோடு நின்றது. உபுண்டு 24.04 தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, மென்பொருள் தொகுப்புகளை மறுபடி கட்டியெடுத்தது.

இனி, இதை உள்ளே வைத்தவர் எப்படி வந்தார் என்பதைப் பார்ப்போம். எக்ஸ்இசட்டைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் பல ஆண்டுகளாகச் சம்பளம் எதுவும் இல்லாமல், ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்து வந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களோடு வந்தார். 2022-இல் அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத சில பெயர்கள் முளைத்து, வேலை மிகவும் தாமதமாகிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று கொலினை நெருக்கத் தொடங்கின. தமக்கு நீண்ட காலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் அப்போதே பொதுவெளியில் சொல்லியிருந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

அந்த ஆள் செய்த வேலைகளைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரத்தை விட ஒருவித அச்சம்தான் வருகிறது, ஏனென்றால் அவர் ஒரு நல்ல பராமரிப்பாளர் செய்வதையெல்லாம் செய்திருக்கிறார். பிழைகளைத் திருத்தினார், கேள்வி கேட்டவர்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார், புதிய பதிப்பைச் சேர்த்துக்கொள்ளும்படி லினக்ஸ் வெளியீட்டாளர்களிடம் பேசினார். 2023-இல் கூகுளின் தானியங்கிச் சோதனைத் திட்டத்துக்கு ஒரு மாற்றத்தை அனுப்பி, பின்னால் தமக்கு இடையூறாக வரக்கூடிய ஒரு சோதனையை நயமாக அணைக்கவும் வைத்தார். பாதுகாப்பு வேலி ஒன்றை இயக்குவதற்கு முன் கணினி அதை ஆதரிக்கிறதா என்று பார்க்கும் சிறு நிரலில், தனியாக ஒரே ஒரு புள்ளியை வைத்தார். அந்தப் புள்ளியால் அந்தச் சோதனை ஒருபோதும் வெற்றி பெறாது, வேலியும் இயங்காது. ஒற்றைப் புள்ளி! தமிழில் புள்ளி விட்டுப்போனால் பொருள் மாறும். இங்கே புள்ளி வந்து சேர்ந்ததால் வேலி படுத்துவிட்டது.

கட்டற்ற மென்பொருள் என்றால் ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு அதில் இப்போது நம்பிக்கை இல்லை. பார்க்க முடியும் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. அதற்காக மூடிய மென்பொருளே மேல் என்று சொல்கிறவர்களோடும் நான் சேர மாட்டேன். நிறுவனங்களின் கணினி வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மூடிய மென்பொருளை விற்கும் சோலார்விண்ட்ஸின் விவகாரத்தில், நஞ்சு கலந்த அப்டேட் 2020 மார்ச்சிலேயே வெளியே போகத் தொடங்கி, டிசம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. ஃபிராய்ண்டால் அரை நொடியைத் துரத்திக்கொண்டு நான்கு மென்பொருள்களைத் தாண்டிப் போக முடிந்ததற்குக் காரணம், போகிற வழியில் எந்தக் கதவும் பூட்டியிருக்கவில்லை என்பதே.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் துறையில் நேர்காணலுக்குப் போனால், “என்ன கட்டினாய்?” என்றுதான் கேட்பார்கள். “எதை உடையாமல் வைத்திருந்தாய்?” என்று யாரும் கேட்பதில்லை. புதிய ப்ராஜெக்ட் கிடைத்தால் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் போட்டுவிட்டால் துக்கம் விசாரிக்கிற மாதிரி போன் வரும். நானும் என் வேலையின் முதல் ஆண்டில், எனக்கு முன் நான்கு பேர் எழுதிவிட்டுப் போன நிரலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்தான். ஆனால் எனக்குத் தெரிந்த நிரலாக்கத்தில் பெரும்பகுதியை அங்கேதான் கற்றேன். இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, இதை எடுத்தால் எது விழும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏஐ வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகிவிட்டது என்பது என் எண்ணம். நிரல் எழுதுவது மலிவாகிவிட்டது; எழுதியதைப் படித்து, இதை நம்பலாமா என்று சொல்வது மலிவாகவில்லை. இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளை 1998 முதல் நடத்திவரும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய பொய்யான பிழை அறிக்கைகள் தம் குழுவின் நேரத்தைத் தின்பதை 2024 தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். அந்த அறிக்கைகள் நல்ல நடையில், கண்ணியமான சொற்களில் இருக்கின்றன; உள்ளே விஷயம்தான் இல்லை. இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்து முழுவதையும் படித்தாக வேண்டும். ஆகையால் புதிதாகத் துறைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது, இன்னொரு டுடோரியலைப் பார்த்து இன்னொரு டூ-டூ ஆப் கட்டுவதற்குப் பதிலாக, நீங்கள் தினமும் பயன்படுத்தும் சிறிய லைப்ரரி ஒன்றைத் திறந்து, மூன்று மாதம் அதன் மாற்றங்களைத் தொடர்ந்து படியுங்கள் என்பதுதான். லாகின் அரை நொடி தாமதமானால் எரிச்சல் வருகிற அளவுக்கு ஒரு மென்பொருளோடு பழக்கம் ஏற்பட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, “அண்ணா, பராமரிப்பு வேலைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற குறை வெளிவந்தபோதுதான், இணையத் தகவலை மறைகுறியாக்கிக் காப்பதற்கு உலகத்தின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி திரட்டின; ஜெர்மன் அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியத்தைத் தொடங்கியது; இந்தியாவில் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கும் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் ஹார்ட்பிளீட் நடந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் இருந்த குறை வெடித்தபோதும், உலகமே உறங்காமல் காத்திருந்த திருத்தத்தை எழுதியவர்கள் தன்னார்வலர்கள்தான்.

நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அவர் எந்தக் கண்மாயையும் வெட்டியதில்லை. ஆனால் அறுவடையின்போது களத்திலேயே அவருக்கான நெல்லை அளந்து கொடுத்துவிடுவார்கள். அவர் வந்து கேட்டு நிற்க வேண்டியதில்லை. மென்பொருள் உலகம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று நம்பி உங்களை இந்த வேலைக்கு அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எனவே சம்பளத்துக்கு ஒரு வேலை, அதற்குள்ளேயே பழைய நிரலைக் கையில் எடுக்கும் துணிச்சல், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்கிறேன்.

லாசே கொலினைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். செய்தி வெளிவந்தபோது அவர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்து, ஜியா டான் தொட்ட இடங்களையெல்லாம் ஆராய்ந்து, அந்தப் பின்கதவை நீக்கிய 5.6.2 பதிப்பை 2024 மே 29 அன்று வெளியிட்டார். அந்த ஒற்றைப் புள்ளியையும் அவர்தான் எடுத்தார்.